கிள்ளான்: கடைத்தெருவைத் தாண்டி, கடல் வரை

தீபாவளி நெருங்கினால் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் கால் வைக்க இடமிருக்காது. தோட்டங்களிலிருந்தும் தாமான்களிலிருந்தும் வரும் நம்மவர்கள் புடவை, நகை, பலகாரம் என்று வாங்கிக்கொண்டு, வாழை இலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு வீடு திரும்புவது வழக்கம். அந்தக் கடைத்தெருவுக்கு அப்பால் கிள்ளான் நகரிலும் சுற்றியுள்ள கடலோரத்திலும் பார்க்க நிறைய உண்டு. அதில் ஒரு பகுதி நம் சொந்தக் கதை.

முதலில் நகரம். சுல்தான் அப்துல் அசிஸ் அரச காட்சியகம் 1909-இல் கட்டப்பட்ட வெள்ளை மாளிகையில் இயங்குகிறது. கோலாலம்பூர் பழைய ரயில் நிலையத்தை வடிவமைத்த ஹப்பேக்தான் இதையும் வடிவமைத்தார். ஈய வணிகக் காலத்தை நினைவூட்டும் ராஜா அப்துல்லா கிடங்கு அதைவிடப் பழையது; 1857-இல் எழுந்தது. 1892-இல் தோன்றிய ஸ்ரீ சுந்தரராஜப் பெருமாள் ஆலயத்துக்கு அறிமுகம் தேவையில்லை. ஆற்றின் மேலுள்ள கோத்தா பாலம் இரண்டு அடுக்கு கொண்டது. கீழடுக்கு நடப்போருக்கும் சைக்கிள் ஓட்டுவோருக்கும் என்றே அமைக்கப்பட்டது.

கொமுட்டர் ரயிலில் கடைசி நிறுத்தம் வரை போனால் போர்ட் கிள்ளான். கொள்கலன்களும் லாரிகளும் நிறைந்த இந்த இடத்தை அழகென்று சொல்ல முடியாது. ஆனாலும் தோட்டக் குடும்பங்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டிய இடம் இது. 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறக்கப்பட்ட இத்துறைமுகத்துக்கு 1972-இல்தான் இன்றைய பெயர் வந்தது. திறந்த சில மாதங்களிலேயே மலேரியா காய்ச்சல் பரவி, துறைமுகத்தை மூடிவிடலாமா என்று யோசிக்கும் நிலை ஏற்பட்டது. மருத்துவ அதிகாரி மால்கம் வாட்சனின் யோசனைப்படி சதுப்புக் காட்டை வெட்டி, கால்வாய் தோண்டி நீரை வடித்த பிறகே காய்ச்சல் அடங்கியது.

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் முன்னோர் பலர் இறங்கிய கரையும் இதுதான். தனிமைப்படுத்தும் முகாமில் நாட்களைக் கழித்த பின்னரே அவர்கள் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். 'ரஜூலா' கப்பலின் பெயர் இன்றும் பல வீடுகளில் பேச்சில் வருகிறது. அதில் வந்தவர்கள் இன்று மிகச் சிலரே. உங்கள் வீட்டில் அப்படி ஒரு பாட்டியோ தாத்தாவோ இருந்தால், அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள், பேச்சுக் கொடுங்கள்.

பெரிய துறைமுகத்தின் உள்ளே பொதுமக்கள் போக முடியாது. ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள படகுத்துறையில் கெத்தாம் தீவுக்குப் படகு கிடைக்கும். போகும் வழியில் கப்பல்களை அருகிலிருந்து பார்க்கலாம். நண்டுத் தீவு என்பது பெயரின் பொருள். சீன மீனவர்கள் வாழும் கம்பத்தில் வீடுகள் சேற்றின் மேல் தூண்களில் நிற்கின்றன. அங்கே கார் கிடையாது, சைக்கிள்தான். கடைசிப் படகின் நேரத்தை இறங்கியவுடன் கேட்டுக்கொள்வது நல்லது.

தெற்கே போக கார் வேண்டும். கேரித் தீவு முழுக்கச் செம்பனைதான் என்று நினைப்பவர்கள் சுங்கை பும்பூன் கம்பத்துக்குப் போக வேண்டும். மாமெரி பூர்வக்குடியினர் சதுப்புநில மரத்தில் முகமூடி செதுக்குகிறார்கள். பெண்கள் தாழை ஓலை பின்னுகிறார்கள். ஆண்டுக்கொருமுறை முன்னோருக்குப் படையலிட்டு, முகமூடி அணிந்து ஆடும் 'ஹாரி மோயாங்' நாளில் போக வாய்த்தால் விடாதீர்கள். நம் குலசாமி கும்பிடுபவர்களுக்கு அதை விளக்கவே வேண்டியதில்லை.

இந்த வட்டாரத் தோட்டங்களில்தான் 1941-இல் நம் பாட்டாளிகள் வேலைநிறுத்தம் செய்தனர். சம்பள உயர்வோடு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்தக் கோரியதும் அதில் அடங்கும். தலைமை தாங்கிய ஆர்.எச்.நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் பாட்டாளிகள் உயிரிழந்தனர். செம்பனைச் சாலையில் காரில் போகும்போது பிள்ளைகளிடம் சொல்ல இதைவிட முக்கியமான கதை இல்லை.

மோரிப் கடற்கரையில் குளிப்பதைவிடக் காற்று வாங்குவதே மேல். அலை வற்றினால் வெறும் சேறு. 1945 செப்டம்பரில் இந்தியப் படைப்பிரிவுகளும் இங்கே கரையிறங்கியபோது வாகனங்கள் இந்தச் சேற்றில்தான் சிக்கின. அதற்கான நினைவுக்கல் கரையில் உள்ளது.

வடக்கே கோலசிலாங்கூர். மாலையில் மெலாவத்தி குன்றில் 1907-ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கத்தையும் குரங்குகளையும் பார்த்துவிட்டு, இருட்டியதும் கம்போங் குவாந்தானில் மின்மினிப் படகு ஏறலாம். ஆற்றோர பெரெம்பாங் மரங்களில் அவை ஒன்றாக மின்னும். மழை நாளையும் பௌர்ணமியையும் தவிர்த்துவிடுங்கள். கைப்பேசி விளக்கை அணைத்து வையுங்கள். பகலில் நேரமிருந்தால் பெஸ்தாரி ஜெயா பக்கமும் போய் வரலாம். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் அங்கேதான் தொடங்கியது. அதன் பெயர் தென்னமரம் தோட்டம்.