கிணற்றடியும் சுடுதண்ணீர்த் தொட்டியும்: டென்மார்க்கில் ஒரு செலவின் வரலாறு



யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எமக்குக் குளிப்பு என்றால் கிணற்றடிதான். துலாவில் இழுத்து, வாளியோடு தலையில் ஊற்றினால் வேலை முடிந்தது. பிள்ளை பெற்ற தாய்க்கும் காய்ச்சல்காரருக்கும் மட்டுமே வேப்பிலையோ நொச்சியிலையோ போட்டு அடுப்பில் தண்ணீர் வைப்பார்கள். அதற்குச் செலவு விறகுதான். சுன்னாகம் மின்நிலையம் 1958இல் வந்த பின்னும் மின்சாரம் என்பது விளக்குக்கும் வானொலிக்கும் உரியதாகவே இருந்தது. மின்சாரத்தில் குளிக்கத் தண்ணீர் சுடவைக்கலாம் என்று எவரும் நினைத்ததில்லை.

அப்படி வந்த எமக்கு, 1980களில் டென்மார்க்கில் குழாயைத் திறந்ததும் வந்த சுடுதண்ணீர் ஓர் அதிசயம். அதற்கு ஒரு விலை இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. இன்றும் பல வீடுகளில் குளியலறைக் கதவைத் தட்டி "கெதியா வெளியில வா, மீற்றர் ஓடுது" என்று பிள்ளைகளை அவசரப்படுத்தும் சத்தம் கேட்கிறது. அந்த மீற்றர் ஏன் ஓடுகிறது, சிலருக்கு ஏன் வேகமாகவும் சிலருக்கு மெதுவாகவும் ஓடுகிறது என்பதற்குப் பின்னால் நூறு வருடங்களுக்கு மேலான வரலாறு ஒன்று உண்டு. இந்த மாதம் அதைப் பார்ப்போம்.

குளியலறை இல்லாத நகரம்

டெனிஷ்காரர் எப்போதும் வீட்டுக்குள் சுடுதண்ணீரில் குளித்தவர்கள் என்று நாம் நினைக்கிறோம். அது சரியல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொப்பன்ஹேகன் தொழிலாளர் குடியிருப்புகளில் குளியலறை கிடையாது. வாரத்தில் ஒருநாள் பொதுக் குளிப்பகத்துக்குப் போவார்கள். கிறிஸ்ரியான்ஸ்ஹவ்ன் பகுதியில் 1909இல் திறக்கப்பட்ட சோஃபியபாத என்ற குளிப்பகம் அந்தக் காலத்தின் சாட்சி. எங்கள் கிணற்றடியைப் போல அங்கும் பலருக்கு ஒரே இடம்தான். பிறகுதான் சமையலறைச் சுவரில் காஸ் சூடாக்கியும், அதன் பின் மின்சாரத் தொட்டியும் வந்தன.

ஆனால் அதற்கு முன்னரே வேறொரு வழி தொடங்கிவிட்டது. ஃபிறெடறிக்ஸ்பேர்க் நகரசபைக்கு 1903இல் ஒரு பிரச்சினை இருந்தது: குப்பையைக் கொட்ட இடமில்லை. அதனால் குப்பையை எரிக்கும் நிலையம் ஒன்றைக் கட்டி, அதிலிருந்து மின்சாரத்தையும் வெப்பத்தையும் எடுத்து, பக்கத்தில் புதிதாகக் கட்டப்பட்ட மருத்துவமனைக்குக் குழாய் வழியாகக் கொடுத்தார்கள். டென்மார்க்கில் 'ஃபியர்ன்வாம', அதாவது தொலைவிலிருந்து குழாயில் வரும் வெப்பம், பிறந்த கதை இதுதான். வீணாகப் போகும் வெப்பத்தைப் பிடித்துப் பயன்படுத்துவதுதான் அதன் அடிப்படை.

1973: எண்ணெய் கொடுத்த பாடம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் எண்ணெய் மலிந்தது. 1970களின் தொடக்கத்தில் டென்மார்க்கின் சக்தித் தேவையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எண்ணெயிலிருந்து வந்தது. அது கிட்டத்தட்ட முழுவதும் இறக்குமதி. 1973 ஒக்ரோபரில் மத்திய கிழக்கில் போர் மூண்டு எண்ணெய் விலை பல மடங்கு ஏறியபோது நாடு திகைத்துப்போனது. 1973 நவம்பர் 25 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை வந்தது. பெருந்தெருக்களில் மக்கள் நடந்தும் சைக்கிளிலும் போனார்கள்.

இன்றைய இஷொய் எழுந்ததும் அந்தக் காலத்தில்தான். அதுவரை கிராமமும் வயலும் கடற்கரைக் குடில்களுமாக இருந்த இடத்தில், 1970களின் தொடக்கத்தில் வைலஓபார்க்கன் போன்ற பெரிய தொடர்மாடிகள் எழுந்தன. 1976இல் நகர ரயில் இஷொய்க்கு வந்தது. இப்படிப் புதிதாகக் குடியேறிய ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு எப்படிச் சூடு கொடுப்பது என்பது அன்றைய பெரிய கேள்வி.

மின்சாரச் சூடாக்கி பொருத்துவது அப்போது மலிவாகவும் இலகுவாகவும் தெரிந்தது. நாட்டின் பல பகுதிகளில் அப்படியே வீடுகள் கட்டினார்கள். ஆனால் மின்சாரம் எங்கிருந்து வந்தது? நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து. மின்சாரம் மட்டும் உற்பத்தி செய்யும் பழைய வகை நிலையத்தில், எரிபொருளின் சக்தியில் பாதிக்கு மேல் சூடான தண்ணீராகக் கடலுக்குள் போய்விடும். மிஞ்சியதை மின்சாரமாக்கிக் கம்பியில் அனுப்பி, வீட்டில் அதைக் கொண்டு திரும்பவும் தண்ணீரைச் சூடாக்குகிறோம். சோறு வடித்த கஞ்சியைக் கொட்டிவிட்டு, கஞ்சி குடிக்க வேறு அரிசி போட்ட கதைதான்.

டெனிஷ் அரசு இதைக் கணக்குப் பார்த்தது. 1976இல் சக்தித் துறைக்கென ஓர் அரச நிறுவனம் அமைக்கப்பட்டது. 1977இல் மின்சார வரி வந்தது. 1979இல் வெப்ப வழங்கல் சட்டம் நிறைவேறியது. எந்தப் பகுதிக்கு ஃபியர்ன்வாம, எந்தப் பகுதிக்கு இயற்கை வாயு என்று ஒவ்வொரு கொம்யூனும் திட்டமிட வேண்டியதாயிற்று. வெப்பத்தை விற்று இலாபம் எடுக்கக் கூடாது, அடக்கச் செலவை மட்டுமே மக்களிடம் அறவிடலாம் என்பதும் டென்மார்க்கின் வெப்ப வழங்கலின் அடிப்படை விதி. 1988இல், பொது வெப்பம் கிடைக்கும் பகுதிகளின் புதிய கட்டடங்களில் மின்சார வெப்பமூட்டல் தடைசெய்யப்பட்டது. 1994இல் அந்தத் தடை பழைய கட்டடங்களுக்கும் ஓரளவு விரிந்தது.

இஷொய்க்கு வந்த குழாய்

1984இல் கொப்பன்ஹேகனின் மேற்குப் புறக் கொம்யூன்கள் சேர்ந்து 'வெக்ஸ்' என்ற வெப்ப நிறுவனத்தைத் தொடங்கின. இன்று அதன் உரிமையாளர்கள் 12 கொம்யூன்கள். அவற்றில் இஷொயும் ஒன்று. மின்நிலையங்களிலும் குப்பை எரிக்கும் நிலையங்களிலும் வரும் வெப்பம் பெரிய குழாய்களில் நகரம் நகரமாக வருகிறது. கடற்கரையோரம் உயரமாகத் தெரியும் அவெடொர நிலையத்தின் முதற்பிரிவு 1990இலும் இரண்டாம் பிரிவு 2001இலும் இயங்கத் தொடங்கின. முதற்பிரிவு 2016இல் நிலக்கரியை விட்டு மரத்துகள் வில்லைக்கு மாறியது. மின்சாரத்தையும் வெப்பத்தையும் சேர்த்து எடுப்பதால் எரிபொருளின் பெரும்பகுதி பயன்படுகிறது. இன்று டென்மார்க் வீடுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஃபியர்ன்வாமயில் இயங்குகின்றன.

அதனால்தான் இஷொயின் பெரிய தொடர்மாடிகளில் இருப்பவருக்குச் சுடுதண்ணீர் மின்சார பில்லில் வருவதில்லை. ஆனால் குழாய் போகாத இடங்களிலும், சில பழைய தொடர்மாடிகளிலும், கடைகளிலும், கோடைகால வீடுகளிலும் மின்சாரத் தொட்டி இன்னும் இருக்கிறது. அங்கே இருப்பவருக்குத்தான் இந்தக் கணக்கு முக்கியம்.

கணக்கைப் பார்ப்போம்

ஒரு லீற்றர் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க ஏறக்குறைய 1.16 வோற் மணி தேவை. இது எந்தத் தொட்டிக்கும் பொதுவான இயற்கை விதி. 10 பாகையில் வரும் தண்ணீரை 38 பாகைக்குச் சூடாக்கி 40 லீற்றரில் ஒருவர் குளித்தால் 1.3 யூனிற். நிமிடத்துக்கு 8 லீற்றர் விடும் பூவாளிக் குழாயில் அது ஐந்து நிமிடக் குளிப்பு. நிமிடத்துக்கு 15 லீற்றர் கொட்டும் பழைய குழாயில் பத்து நிமிடம் நின்றால் 150 லீற்றர், கிட்டத்தட்ட 5 யூனிற்.

நாலு பேர் உள்ள வீட்டில் எல்லோரும் 40 லீற்றரில் குளித்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 1900 யூனிற். யூனிற் 2 குறோணர் என்று வைத்தால் 3800 குறோணர். எல்லோரும் 150 லீற்றரில் குளித்தால் அது மூன்று மடங்குக்கு மேல், 14000 குறோணரைத் தாண்டும். இதைவிட, ஒருவரும் குளிக்காவிட்டாலும் தொட்டி தன் சூட்டைக் காக்க நாளுக்கு ஒரு யூனிற் அளவில் எடுக்கும்.

எனவே முதலில் மாற்ற வேண்டியது பூவாளிக் குழாய். அடுத்தது நேரம். இப்போது மின்சாரக் கம்பிக் கட்டணம் நேரத்துக்கு நேரம் மாறுகிறது. மாலை 5 மணி முதல் இரவு 9 மணி வரை அதிகம், நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை குறைவு. குளிர்காலத்தில் இந்த வித்தியாசம் இன்னும் கூடும். தொட்டி பெரியதாக இருந்தால், ஒரு மின்தொழிலாளியைக் கொண்டு நேரக் கட்டுப்பாட்டுக் கருவி பூட்டி இரவில் சூடாக்கலாம். மூன்றாவது சுண்ணாம்பு. எங்கள் பகுதித் தண்ணீர் கடினமானது, கேத்தலைப் பார்த்தாலே தெரியும். 60 பாகைக்கு மேல் சூடாக்கினால் சுண்ணாம்பு விரைவாகப் படியும், சூடாக்கும் கம்பி பழுதாகும். சிக்கனம் என்று தொட்டியை 40, 45 பாகையில் விடுவதும் பிழை. அந்தச் சூட்டில் லெஜியோனெல்லா என்ற கிருமி பெருகி நுரையீரலைத் தாக்கும். 55 முதல் 60 பாகை வரை வைப்பதே நல்லது.

யார் குறைத்தார்கள்?

2022இல் உக்ரெயின் போருக்குப் பின் ஐரோப்பாவில் மின்சார விலை எகிறியது. அந்த ஒக்ரோபரில் டென்மார்க்கின் பொதுக் கட்டடங்களில் சூட்டை 19 பாகைக்குக் குறைத்தார்கள். அதே ஆண்டு ஊரில் நாளுக்கு 13 மணிநேர மின்வெட்டு. ஓகஸ்ற்றில் மின்கட்டணம் சராசரி 75 வீதம் உயர்ந்தது. அங்கே இருப்பவர்களுக்குப் பணம் அனுப்பிக்கொண்டு இங்கேயும் பில் கட்டியவர்களுக்கு அந்த வருடம் மறக்காது.

ஆனால் வரலாறு சொல்லும் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். இந்த நாட்டில் சுடுதண்ணீரின் செலவைக் குறைத்தது பிள்ளைகளை அவசரப்படுத்திய பெற்றோர் மட்டுமல்ல. 1903இல் ஒரு நகரசபை, 1979இல் ஒரு பாராளுமன்றம், 1984இல் சேர்ந்து முடிவெடுத்த கொம்யூன்கள். எல்லாம் கூட்டங்களில் எடுத்த முடிவுகள். இன்று எங்கள் தொடர்மாடியின் குழாய்களுக்கு உறை போடுவதா, பழைய தொட்டிகளை மாற்றுவதா, ஃபியர்ன்வாமயில் இணைவதா என்பதும் குடியிருப்பாளர் கூட்டத்தில்தான் பேசப்படுகிறது. பொதுவீட்டுச் சங்கங்களில் வாடகைக்கு இருப்பவருக்கும் அங்கே வாக்கு உண்டு. வரவு செலவுத் திட்டமும் அங்கேதான் வாக்கெடுப்புக்கு வருகிறது.

அந்தக் கூட்டங்களுக்கு எங்களில் எத்தனை பேர் போகிறோம்? மொழி விளங்காது என்றும், வேலைக்களைப்பு என்றும் கடிதத்தை மேசையில் போட்டுவிடுகிறோம். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த மொழி நன்றாகவே தெரியும். குளியலறைக் கதவைத் தட்டுவதோடு நிற்காமல், அடுத்த கூட்டத்துக்கு அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஊரில் பங்குக் கிணறு தூர்ந்தால் பங்காளிகள் எல்லோரும் சேர்ந்துதான் இறைத்தார்கள். இங்கேயும் அப்படித்தான்.