கேபிள்கள் எழுதிவைத்த கணக்கு

2006 டிசம்பர் கடைசியில் இன்டர்நெட் நத்தை மாதிரி ஊர்ந்தது. பிரவுசிங் சென்டர் அண்ணன், "கடலுக்கடியில ஒயர் அறுந்துபோச்சாம்பா" என்றார். நான் நம்பவில்லை. காசு வாங்கிக்கொண்டு கதை விடுகிறார் என்றே நினைத்தேன். பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது, அவர் சொன்னது சத்தியம். டிசம்பர் 26 அன்று தைவானுக்குத் தெற்கே நிலநடுக்கம். ஆனால் எல்லாக் கேபிள்களும் அதிர்ந்த கணத்திலேயே போய்விடவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, மணிக்கணக்கில் இடைவெளி விட்டு அறுந்தன. நிலநடுக்கம் முடிந்த பிறகும் எது போய் அறுத்தது? அந்தக் கேள்வி பிடித்து இழுத்த இடத்தில் நான் வந்து நின்றது 1929இல்.

அப்போது நியூஃபவுண்ட்லாந்து கனடாவோடு சேரவில்லை. பிரிட்டிஷ் ஆளுகைக்கு உட்பட்ட தனி நாடு. காட் மீனை நம்பிப் பிழைத்த தீவு. அதன் தெற்கே கிராண்ட் பேங்க்ஸ் என்ற ஆழமற்ற கடல் மேடை. மேடை முடியும் இடத்தில் தரை சரேலென்று அட்லாண்டிக்கின் ஆழத்துக்கு இறங்குகிறது. ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் இணைத்த தந்திக் கேபிள்கள் பல அந்தச் சரிவில்தான் கிடந்தன. புவித்தட்டுகள் முட்டிக்கொள்ளும் இடம் அல்ல அது. நம் சோழமண்டலக் கரை போலவே, தட்டின் ஓரத்திலிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கும் அமைதியான கண்ட விளிம்பு. அமைதி என்பது பாடப்புத்தகத்தில் போட்ட பெயர், அவ்வளவுதான். அங்கேயும் பழைய பிளவுகள் உண்டு, அவை எப்போதாவது நகரும்.

நவம்பர் 18, திங்கட்கிழமை மாலை 5 மணி 2 நிமிடம். 7.2 அளவு. நியூயார்க் வரை உணர்ந்தார்கள்.

மையத்துக்கு அருகே இருந்த ஆறு கேபிள்கள் அந்தக் கணமே செத்தன. பிறகு சரிவில் கீழே கிடந்தவை, மேலிருந்து கீழாக, வரிசை மாறாமல் ஒவ்வொன்றாக. கடைசிக் கேபிள் அறுந்தது 13 மணி 17 நிமிடம் கழித்து. மொத்தம் 12. ஆனால் மேடைமேல் கிடந்த கேபிள்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை!

இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும் என்றால், அது தந்திக் கம்பெனிகளின் கணக்குப் புத்தி. சிக்னல் நின்றதும் குமாஸ்தா நேரத்தைக் குறித்துக்கொள்வார். கரையிலிருந்தே மின்தடையை அளந்து எந்த இடத்தில் அறுந்தது என்பதையும் கண்டுபிடித்துவிடுவார்கள். பழுதுபார்க்கக் கப்பல் அனுப்ப வேண்டும், செலவுக் கணக்கு எழுத வேண்டும். அவர்கள் கவலை அது. பூமியின் வரலாற்றை எழுதுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது.

இருபத்திமூன்று வருடம் அந்தக் கணக்கு சும்மா கிடந்தது. கடல்தரை பிளந்ததால் கேபிள் அறுந்தது என்று சொல்லி முடித்திருந்தார்கள். 1952இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லாமோன்ட் ஆய்வகத்தில் புரூஸ் ஹீசனும் மாரிஸ் யூயிங்கும் நேரத்தையும் தூரத்தையும் ஒரே தாளில் வைத்துப் பார்த்தார்கள். புள்ளிகளை இணைத்தால் ஏதோ ஒன்று ஓடுகிறது. முதலில் வேகமாக, போகப்போக மெதுவாக. நிலநடுக்கம் உலுக்கியதில் சரிவில் படிந்திருந்த வண்டல் பெயர்ந்து, நீரோடு கலந்து, கனத்த சேற்று வெள்ளமாகக் கீழே பாய்ந்திருக்கிறது. காவிரியில் புதுத்தண்ணி வரும்போது "கலங்கலா வருது" என்பார்களே, அதேதான். ஆனால் இது கடலுக்குள்ளேயே ஓடிய ஆறு. அவர்கள் போட்ட உச்ச வேகம் மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர். பின்னால் வந்தவர்கள் அதைக் குறைத்தார்கள். ஹார்வர்டின் டேலி 1936இலேயே இப்படி ஓட்டங்கள் இருக்கலாம் என்று எழுதியிருந்தார். டச்சு ஆய்வாளர் கியூனன் தொட்டியில் சேற்றைக் கரைத்து ஓடவிட்டும் காட்டியிருந்தார். ஆனால் கடலில் அது ஓடியதை இவ்வளவு நெருக்கமாக அளந்து சாட்சி சொன்னவை அறுந்த கேபிள்கள்தான்.

அந்த வரைபடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பார்க்கும்போதெல்லாம் ஒரு உறுத்தலும் வரும்.

காரணம் புரின். நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரைத் தீபகற்பம். நடுக்கம் நின்றபிறகு அங்கே மக்கள் கொஞ்ச நேரம் வீதியில் நின்று பேசிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்கள். ஏழரை மணிவாக்கில் துறைமுகத் தண்ணீர் வற்றி, தரை தெரிந்தது. 2004இல் நம் கரையிலும் பல இடங்களில் கடல் இப்படித்தான் உள்வாங்கியது. அதற்கு என்ன அர்த்தம் என்று நமக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. பிறகு மூன்று அலைகள். நிலநடுக்கத்தை விடவும், சரிந்த அந்தச் சேறுதான் கடலைத் தூக்கியது என்கிறார்கள். வீடுகள் அப்படியே மிதந்து போயின. மாடியில் விளக்கு எரிந்துகொண்டிருக்க ஒரு வீடு கடலுக்குள் போனதாக இன்றும் கதை உண்டு. 28 பேர் இறந்தார்கள். குளிர்காலத்துக்குச் சேர்த்துவைத்த மாவு, நிலக்கரி, கருவாடு, படகு எல்லாம் போச்சு. மறுநாள் பனிப்புயல்.

யாருக்கும் தகவல் சொல்ல முடியவில்லை. தீபகற்பத்துக்கு இருந்த ஒரே தந்திக் கம்பி, நிலநடுக்கத்துக்கு முந்தைய வார இறுதியில் அடித்த புயலிலேயே அறுந்திருந்தது. அட்லாண்டிக்கின் ஆழத்தில் எந்தக் கம்பி எந்த நிமிடம் அறுந்தது என்று கம்பெனிகளின் ஏட்டில் இருக்கிறது. கரையில் மனிதர்கள் செத்துக் கிடப்பது மூன்று நாள் வரை தலைநகர் செயின்ட் ஜான்ஸுக்கே தெரியாது. வழக்கமாக வரும் போர்ஷியா என்ற கப்பல் 21ஆம் தேதி வந்து பார்த்து, அதிலிருந்த வயர்லெஸ் வழியாகச் செய்தி போனது. அதன்பிறகுதான் மருத்துவர்களும் செவிலியர்களும் ஏறிய மீகிள் என்ற நிவாரணக் கப்பல் கிளம்பியது.

புரினின் கம்பி முன்பே செத்துவிட்டதால் ஹீசனின் வரைபடத்தில் அதற்குப் புள்ளி இல்லை. அங்கே சாட்சி வேறு மாதிரிக் கிடைத்தது. பல பத்தாண்டுகள் கழித்து டெய்லர்ஸ் பே என்ற இடத்தில் ஆய்வாளர்கள் தோண்டினார்கள். மேலே புல். அதற்குக் கீழே மக்கிய செடிகளாலான கரிய மண். அதன் நடுவில் கடலிலிருந்து வந்த மணல் ஒரு வரியாகக் கிடந்தது. மணலுக்கு மேலே 1929க்குப் பிறகு முளைத்து மக்கிய செடிகள்.