புக்கிட் மெலாவத்தி

புக்கிட் மெலாவத்தி என்பது, மலேசியாவின் கோலசிலாங்கூர் மாவட்டத்தில், சிலாங்கூர் ஆற்றின் முகத்துவாரத்தை நோக்கி நிற்கும் குன்றாகும். கோட்டையின் எச்சங்களும் பீரங்கிகளும் மாவட்ட வரலாற்று அருங்காட்சியகமும் சிலாங்கூரின் முதல் மூன்று சுல்தான்களின் அடக்கத்தலமும் இங்கு உள்ளன. பார்வையாளரை முதலில் ஈர்ப்பவை பீரங்கிகளே என்றாலும், மலாய் இலக்கியத்தின் பெருங்கவிஞர் ஒருவரின் குலவரலாறு இம்மண்ணில் ஊன்றியிருப்பதே இக்குன்றின் தனிச்சிறப்பு.

சுலாவெசித் தீவின் பூகிஸ் மரபினரான டாயேங் செலாக், இன்று இந்தோனேசியாவிலுள்ள ரியாவில் யாங் டிபெர்துவான் மூடாவாக, அதாவது சுல்தானுக்கு அடுத்த நிலையில் இருந்தபடியே ஆட்சியை நடத்திய துணையரசராக விளங்கினார். அவருடைய மக்களுள் ராஜா லுமு, 1766இல் பேராக் சுல்தானின் ஒப்புதலுடன் சலேஹுதீன் ஷா என்னும் பெயரில் சிலாங்கூரின் முதல் சுல்தானானார். மற்றொருவரான ராஜா ஹாஜி, தந்தை வகித்த ரியாவின் பதவிக்குப் பின்னர் வந்தார். 'குரிண்டாம் டுவா பெலாஸ்' என்னும் அறநூலை 1847இல் இயற்றிய கவிஞர் ராஜா அலி ஹாஜி, இந்த ராஜா ஹாஜியின் மகன்வழிப் பேரர். கவிஞரின் தாயாரும் சிலாங்கூரைச் சேர்ந்தவர்.

1784இல் ராஜா ஹாஜியும், சலேஹுதீனின் மகன் சுல்தான் இப்ராஹிமும் இணைந்து டச்சுக்காரர் வசமிருந்த மலாக்காவைத் தாக்கினர். ஜூன் மாதம் தெலுக் கெத்தாப்பாங்கில் ராஜா ஹாஜி வீழ்ந்தார். ஆகஸ்டில் டச்சுக் கப்பற்படை கோலசிலாங்கூருக்கு வர, இப்ராஹிம் பகாங்குக்குப் பின்வாங்கினார். கைப்பற்றிய கோட்டைக்கு டச்சுக்காரர் தங்கள் தலைமை ஆளுநர் ஆல்டிங்கின் நினைவாக ஆல்டிங்ஸ்பர்க் எனப் பெயரிட்டனர். 1785இல் பகாங்கின் துணையோடு திரும்பிய இப்ராஹிம் அவர்களை விரட்டியடித்தார். அந்தப் பெயர் குன்றின் மீதுள்ள கலங்கரை விளக்கத்துக்கு இன்றும் வழங்குகிறது.

இப்போர்களை மலாய்த் தரப்பின் பார்வையில் விரிவாகச் சொல்லும் நூல் ராஜா அலி ஹாஜியின் 'துஹ்ஃபாத் அல்-நஃபிஸ்' ஆகும். அவருடைய தந்தை ராஜா அகமது தொடங்கிவைத்ததாகக் கருதப்படும் இவ்வரலாற்றை, மகன் 1860களில் பெருநூலாக விரித்தெழுதினார். தம் பாட்டனாரின் மரணத்தையும் குடும்பத்தின் தோல்விகளையும் ஒருவர் இத்தனை விரிவாகப் பதிவு செய்திருப்பது பெரும் பேறு. ஆதலால் அருங்காட்சியகத்தைக் காண வருவோர் அந்நூலையும் அறிந்து வருதல் நலம்.

1824ஆம் ஆண்டின் ஆங்கில-டச்சு உடன்படிக்கை மலாக்கா நீரிணையின் இருகரைகளையும் பிரித்ததால், ஒரே குலத்தின் நினைவிடங்கள் இன்று இரு நாடுகளில் உள்ளன. ராஜா லுமுவின் கல்லறை கோலசிலாங்கூரிலும், ராஜா ஹாஜியின் கல்லறையும் கவிஞரின் கல்லறையும் ரியாவின் பெஞெங்காட் தீவிலும் அமைந்துள்ளன. இந்தோனேசிய அரசு ராஜா ஹாஜிக்கு 1997இலும் ராஜா அலி ஹாஜிக்கு 2004இலும் தேசிய வீரர் என்னும் சிறப்பை வழங்கியது.