துப்பாக்கியிலிருந்து நிழற்படக் கருவிக்கு

எழுத்தைக் கண்டறிவதற்கு முன்பே மனிதன் விலங்கை வரையக் கற்றுக்கொண்டான். கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லபாடிக் குன்றின் பாறையில், வெண்ணிறத்தில் தீட்டப்பட்ட குதிரை வீரரின் உருவங்களை இன்றும் காணலாம். அவற்றுக்குப் பின் வந்தவை நடுகற்கள். ஆநிரை மீட்டு மாண்டவர்க்கும், புலியோடு பொருது வீழ்ந்தவர்க்கும் இவ்வட்டாரத்து மக்கள் கல் நாட்டினர். புலிக்குத்திக் கல் என்று வழங்கும் அக்கற்களில் மனிதன் நடுவில் நிற்பான். புலி அவன்மேல் பாயும். காட்டு விலங்கு அன்று பகை. அதை எதிர்த்தவன் தெய்வம்.

ஆங்கிலேயர் காலத்தில் அப்பகை பொழுதுபோக்காயிற்று. நிழற்படக் கருவியும் அப்போதே நம் நாட்டுக்கு வந்துவிட்டது. ஆயினும் அது எடுத்தது பெரும்பாலும் பிணத்தின் படமே. செத்த புலியின் பின்னே துப்பாக்கியுடன் வேட்டைக்காரர் அமர்ந்திருக்கும் படங்கள் மாளிகைச் சுவர்களில் தொங்கின. தளி, ஜவளகிரி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகளும் வேட்டைக்காரரை ஈர்த்தன. ஜவளகிரியின் ஆட்கொல்லிப் புலி பற்றிய கதை, பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் 1954-இல் வெளியிட்ட நூலில் இடம்பெற்று உலகெங்கும் படிக்கப்பட்டது.

உயிரோடு உலவும் விலங்கைப் படமெடுப்பது வேறொரு கலை. அமெரிக்காவில் ஜார்ஜ் ஷிராஸ் என்பவர் ஏரிக்கரைகளில் இரவில் ஒளி பாய்ச்சி எடுத்த விலங்குப் படங்கள் 1906-இல் வெளியாயின. இந்தியாவில் அதே வழியில் முன்னோடியாய் நின்றவர் வன அதிகாரி எஃப்.டபிள்யூ. சாம்பியன். விலங்கு செல்லும் தடத்தின் குறுக்கே மெல்லிய கம்பியைக் கட்டிவைப்பார். புலியின் கால் அதில் பட்டதும் ஒளி தெறிக்கும், கருவி இயங்கும். இவ்வாறு புலி தன் படத்தைத் தானே எடுத்துக்கொண்டது. 1925-இல் அப்படங்கள் இலண்டன் இதழொன்றில் வெளிவந்தபோது, கொல்லாமலேயே புலியை வெல்லலாம் என்பதைப் பலரும் உணர்ந்தனர்.

தமிழகத்தில் இக்கலைக்கு அறத்தையும் சேர்த்துத் தந்தவர் மா. கிருஷ்ணன் (1912-1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் அவர். இன்றைய கர்நாடகத்தின் சண்டூர் சமஸ்தானத்தில் சில ஆண்டுகள் பணியாற்றியபின், எழுத்தையும் இயற்கையையும் நம்பி வாழ்ந்தார். 1950-இல் ஸ்டேட்ஸ்மன் நாளேட்டில் தொடங்கிய அவரது பத்தி, அவர் மறைந்த 1996 வரை நீடித்தது. தமிழிலும் எழுதினார். வண்ணப் படங்களை நாடாமல் கறுப்பு-வெள்ளையிலேயே நிலைத்தார். பல கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட கருவியால் யானைகளைப் படமெடுத்தார். 1968-இல் நேரு ஆய்வு நல்கை பெற்றுத் தென்னிந்தியப் பாலூட்டிகளைப் பற்றி ஆராய்ந்தார். அவ்வாய்வு 1975-இல் நூலாயிற்று. அவருக்குப் படம் அழகுப் பொருள் மட்டுமன்று, அது சான்று. யானை எவ்வாறு நடக்கிறது, எவ்வாறு தன் கன்றைக் காக்கிறது என்பதற்குக் காடே அளிக்கும் சாட்சியம்.

எல்லைக்கு அப்பால் பெங்களூரில் ஆசிரியர் ஓ.சி. எட்வர்ட்ஸ் இளைஞர் சிலரை இக்கலையில் பழக்கினார். அவர்களுள் ஒருவரான டி.என்.ஏ. பெருமாள் (1932-2017) உலகப் புகழ் பெற்றார். கிருஷ்ணனின் படங்களைத் தொகுத்து 2006-இல் வெளியான நூலின் ஆக்கத்தில் அவருக்கும் பங்குண்டு.

இதே காலத்தில் எல்லைப்புறமும் மாறியது. 1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. ஆலைகள் பெருகின, நெடுஞ்சாலை அகன்றது. யானைகளோ தம் பழைய வழியை மறக்கவில்லை. கேழ்வரகு முற்றும் பருவத்தில் பன்னார்கட்டாக் காட்டிலிருந்து தளி, ஜவளகிரி வழியாக இறங்கி, சானமாவுக் காடுவரை வருகின்றன. இரவெல்லாம் கண்விழித்து வயலைக் காக்கும் உழவனுக்கு யானையின் படம் எவ்வளவு அழகாயிருந்து என்ன பயன்? ஓராண்டு உழைப்பு ஓரிரவில் அழியும்போது அவன் கண்ணீரும் சான்றே. அதைப் பதிவு செய்யாத கலை அரைகுறைக் கலை எனலாம்.

இவ்விரு துயரங்களும் ஒன்றாய்ச் சந்தித்த நாள் 2023 மார்ச் 7. தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, விளைநிலத்தைச் சுற்றிச் சட்டவிரோதமாய் அமைத்த மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. இரு குட்டிகள் பிழைத்தன. மாண்ட உடல்களை விட்டு அகலாமல் நின்ற அக்குட்டிகளின் படம், நாடெங்கும் பார்த்தவர் நெஞ்சை உலுக்கியது. பெரும் அறிக்கைகள் செய்யாததை ஒரு படம் செய்தது.

ஆறுதலும் உண்டு. 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும், 2022-இல் காவிரி தெற்குச் சரணாலயமும் இப்பகுதியில் அறிவிக்கப்பட்டன. காவிரிக் கரையின் மருத மரங்களில் சாம்பல் நிற மலை அணில் வாழ்கிறது. காட்டுத் தடங்களில் தானியங்கிக் கருவிகள் பொருத்தப்படுகின்றன. உடற்சூட்டையும் அசைவையும் உணர்ந்து அவை படமெடுக்கும். ஒரு சிறுத்தையின் புள்ளிகள் இன்னொன்றிற்கு இரா. நம் கைரேகை போன்றே. தடத்தின் இருபுறமும் கருவி வைத்து, இரு விலாக்களையும் படமெடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே அறிகின்றனர். சாம்பியனின் கம்பி இன்று கணக்கெடுப்பின் கருவியாய் வளர்ந்திருக்கிறது.

ஆனால் இன்று ஒவ்வொருவர் கையிலும் கருவி இருக்கிறது. யானை தென்பட்டால் கைப்பேசியை நீட்டி ஓடும் கூட்டம் அதை மிரளச் செய்கிறது. மிரண்ட யானை மிதிப்பது படமெடுத்தவனையாக இருக்க வேண்டியதில்லை. விடியலில் வயலுக்குச் செல்லும் ஏழைப் பெண்ணாகவும் இருக்கலாம். பறவைக் கூட்டின் மறைப்பை விலக்கிப் படமெடுத்தால், குஞ்சுகள் பகையின் கண்ணுக்கு இரையாகின்றன. ஆகவேதான் போட்டிகள் பலவற்றில் கூட்டுப் படங்கள் ஏற்கப்படுவதில்லை.

துப்பாக்கியைக் கீழே வைத்துக் கருவியை ஏந்த மனிதனுக்கு நெடுங்காலம் ஆயிற்று. கருவியை ஏந்தியபின்னும் வேட்டை மனம் மாறாதிருந்தால் அந்த மாற்றத்தால் விளைந்தது என்ன? நடுகல்லில் நின்றவன் தன் ஊரைக் காக்கத் தன்னையே தந்தான். நம்மிடம் கேட்கப்படுவது அத்துணைப் பெரிதன்று. சற்று விலகி நிற்கும் பொறுமை. உழவனின் இழப்பையும் யானையின் பசியையும் ஒருசேரக் காணும் கண். இவ்விரண்டும் வாய்த்தவர் எடுக்கும் படமே வருங்காலத் தலைமுறைக்கு நாம் நாட்டிச் செல்லும் கல்லாக நிற்கும்.