மணியாச்சித் துப்பாக்கி: ரிவால்வரா, பிரௌனிங்கா?

1911 ஜூன் 17ஆம் நாள் மணியாச்சி ரயில் சந்திப்பில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ், செங்கோட்டை வாஞ்சிநாதனால் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது ஆஷின் மனைவியும் அதே ரயில் பெட்டியில் உடனிருந்தார். சுட்ட கையோடு நடைமேடைக் கழிப்பறைக்குள் ஓடிய வாஞ்சி, தம் வாயில் சுட்டுக்கொண்டு மாண்டார். தமிழர் பலமுறை கேட்ட செய்தி இது. மேடைப் பேச்சுகளிலும் பள்ளி நாடகங்களிலும் வாஞ்சி 'ரிவால்வரை' எடுத்ததாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அவர் கையில் இருந்ததோ பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் வகைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி. எதுவாயிருந்தால் என்ன என்று வாசகர் கேட்கலாம். அந்தத் துப்பாக்கியின் வகையைச் சரியாக அறிந்தால், அக்காலத்தில் யார், எங்கே, எதை வாங்க முடிந்தது என்ற கேள்விக்கு விடை கிடைக்கிறது.

முதலில் வேறுபாட்டைக் காண்போம். ரிவால்வரில் தோட்டாக்கள் சுழலும் உருளை ஒன்றில் இருக்கும், பெரும்பாலும் ஆறு. அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் 1836இல் இதற்கு அங்கே காப்புரிமை பெற்றார். ஒரு தோட்டா வெடிக்காமல் போனாலும் விசையை மறுபடி இழுத்தால் அடுத்தது வந்து நிற்கும். எனவே நம்பத்தக்க கருவி. ஆங்கில அதிகாரிகள் விரும்பி வைத்திருந்த வெப்ளி ரிவால்வர் இவ்வகையினது. ஏறத்தாழ ஒரு கிலோ எடை. உருளை புடைத்திருப்பதால் சட்டைக்குள் மறைப்பது கடினம். ஜான் பிரௌனிங் வடிவமைத்து, பெல்ஜியத்தின் எர்ஸ்டால் நகரத் தொழிற்சாலை வெளியிட்ட 1900ஆம் ஆண்டு மாதிரியோ தட்டையானது. பிடிக்குள் செருகும் மேகசினில் ஏழு தோட்டாக்கள். எடை அறுநூறு கிராமுக்குச் சற்றே மேல். ஒரு முறை சுட்டதும் அடுத்த தோட்டா தானே ஏறிக்கொள்ளும். தோட்டா வெடிக்காவிட்டால் மட்டும் மேற்பாகத்தைக் கையால் இழுத்துவிட வேண்டும். காவலுக்கு ரிவால்வர், மறைத்து எடுத்துச் செல்ல பிரௌனிங் என்று அக்காலத் தேர்வைச் சுருக்கிச் சொல்லலாம்.

ஆனால் தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லோர்க்கும் இருந்ததா? லிட்டன் பிரபு ஆட்சியில் 1878இல் வந்த ஆயுதச் சட்டம், உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. அதன் கீழ் வகுத்த விதிகளோ ஐரோப்பியர்க்கும் ஆங்கிலோ இந்தியர்க்கும் விலக்களித்தன. ஒரே ஊரில் வெள்ளையர் கடைக்குச் சென்று வாங்குவதை, இந்தியர் ஆட்சியரிடம் மனுவாக எழுதித் தர வேண்டியிருந்தது. 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் விபின் சந்திர பாலர் இச்சட்டத்தை நீக்கக் கோரி முழங்கியது இப்பாகுபாட்டின் பொருட்டே.

வேடிக்கை என்னவெனில், ஆளுவோரின் தலைநகரில் நிலைமை நேர் எதிர். 1903ஆம் ஆண்டின் கைத்துப்பாக்கிச் சட்டப்படி இலண்டனில் அஞ்சலகத்தில் பத்து ஷில்லிங் கட்டி உரிமம் பெற்றவர் எவரும் கடையில் கைத்துப்பாக்கி வாங்கலாம், நிறம் பார்க்கப்படவில்லை. மாணவர் மதன்லால் திங்ரா 1909 ஜனவரியில் அங்கே ஒரு கோல்ட் தானியங்கித் துப்பாக்கியை 3 பவுன் 5 ஷில்லிங் கொடுத்து வாங்கினார். பின்னர்க் கட்டணம் செலுத்திச் சுடும் கூடம் ஒன்றில் பயின்றார். ஜூலை 1ஆம் நாள் கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றார். அமிர்தசரசில் உரிமம் கேட்டு நிற்க வேண்டிய ஓர் இளைஞர், இலண்டனில் கடைக்காரரிடம் விலை கேட்டு வாங்க முடிந்தது!

இனி நம் பகுதிக்கு வருவோம். புவனகிரியிலிருந்து கடலூர் சென்று பெண்ணையாற்றைத் தாண்டினால், சிறிது தொலைவில் பாகூர் வட்டாரம் வந்துவிடும். இன்று பேருந்தில் உறங்கியபடியே கடந்துவிடும் அந்த எல்லைக்கு அப்பால் அன்று பிரெஞ்சு ஆட்சி. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்த தென்னார்க்காட்டு ஆட்சியரின் ஆணையும் 1878ஆம் ஆண்டுச் சட்டமும் அந்தக் கோட்டோடு நின்றன. 1908இல் பாரதியாரும் 1910இல் அரவிந்தரும் அங்கே அடைக்கலம் புகுந்தனர். எழுத்துக்குக் கிடைத்த அதே பாதுகாப்பு ஆயுதத்திற்கும் கிடைத்தது.

1910இல் அங்கு வந்து சேர்ந்தவர் வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர். இலண்டன் இந்தியா ஹவுசில் சாவர்க்கரோடும் திங்ராவோடும் பழகியவர். 1911இன் தொடக்கத்தில் புதுச்சேரி வந்த வாஞ்சிக்குச் சுடப் பயிற்சியளித்தவர் இவரே. கரடிக்குப்பம் என்னும் இடம் அதற்கு நிலைக்களனாகச் சொல்லப்படுகிறது. ஆஷ் கொலை வழக்கில் முதல் எதிரியாகி ஏழாண்டுத் தண்டனை பெற்ற நீலகண்ட பிரம்மச்சாரி, கொள்ளிடத்துக்குத் தெற்கே சீர்காழி அருகிலுள்ள எருக்கூரில் பிறந்தவர். திருநெல்வேலிச் சீமையில் நிகழ்ந்ததாக நாம் படிக்கும் கதையின் பாதி, நம் வெள்ளாற்றுக்கு இருபுறமும் நடந்திருக்கிறது. இலக்கிய வாசகர் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கலாம்: குறிபார்க்கக் கற்றுக்கொடுத்த அந்த ஐயர்தாம் 1916இல் திருக்குறளின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டார், 'குளத்தங்கரை அரசமரம்' எழுதித் தமிழ்ச் சிறுகதைக்கு முன்னோடியானார்.

பிரௌனிங்கை நாடியவர் நம்மவர் மட்டுமல்லர். 1904இல் பின்லாந்தில் ருசிய ஆளுநர் போப்ரிகோவைச் சுட்ட ஷௌமன், 1909 அக்டோபரில் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானின் இட்டோவைச் சுட்ட கொரியர் அன் ஜுங் குன் ஆகிய இருவர் கையிலும் இருந்தது 1900ஆம் ஆண்டு மாதிரியே. அதே 1909இல் சாவர்க்கர் இலண்டனிலிருந்து பெட்டியின் பொய்த்தளத்தில் மறைத்து இந்தியாவுக்கு அனுப்பியவை இருபது பிரௌனிங்குகள். அவற்றுள் ஒன்றே டிசம்பரில் நாசிக் ஆட்சியர் ஜாக்சனின் உயிரைக் குடித்தது. பெட்டியின் அடித்தட்டில் இருபது வெப்ளி ரிவால்வர்களை அடுக்கியிருந்தால், பெட்டியைத் தூக்கிய கூலிக்கே ஐயம் வந்திருக்கும். கடல் கடந்து, சுங்கம் கடந்து, இடுப்பு வேட்டியில் முடங்கி, ரயில் பெட்டி வாயில்வரை செல்ல வேண்டிய ஆயுதம் எத்தகையதாக இருக்க வேண்டும் என்பதைச் சட்டமும் எல்லையும் முன்னரே வரையறுத்துவிட்டன. வாஞ்சிக்கு வாய்த்ததும் அதே இனம் என்பதை இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் வியப்பில்லை.

உரிமம் பற்றிய மனக்குறை வன்முறையாளர்க்கே உரியது என்று கருதுவோர்க்கு ஒரு செய்தி. 1930 ஜனவரியில் உப்புச் சத்தியாகிரகத்திற்கு முன் காந்தியடிகள் வைத்த பதினோரு கோரிக்கைகளுள், மக்கள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுத் தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் வழங்க வேண்டும் என்பதும் ஒன்று. அகிம்சையைக் கைக்கொண்டவரும், ஓர் இனத்தாரை மட்டும் நம்பும் சட்டத்தை ஏற்கவில்லை.

விடுதலைக்குப் பின் 1959ஆம் ஆண்டுச் சட்டம் நிறத்தை நீக்கி, உரிமத்தை அனைவர்க்கும் பொதுவாக்கியது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. இன்று உரிமம் பெற்றவர் அரசுத் தொழிற்சாலைத் தயாரிப்புகளுள் .32 ரிவால்வரையோ, அதே .32 அளவிலான கைத்துப்பாக்கியையோ வாங்கலாம். அக்கைத்துப்பாக்கிக்குரிய தோட்டா, 1900ஆம் ஆண்டுப் பிரௌனிங்கின் 7.65 மில்லிமீட்டர் தோட்டாவே.

மணியாச்சியில் நிகழ்ந்ததை வீரம் என்பாரும் உளர். கொலை என்பாரும் உளர். வாஞ்சியின் நோக்கத்தை வினவுவாரும் உளர். எந்தத் தீர்ப்பை எழுதுவதாயினும் சான்றுப் பொருளின் பெயரைச் சரியாக எழுதுவது முதற்கடமை. ரிவால்வர் என்று எழுதும்போது ஒரு துப்பாக்கி மட்டுமே கண்முன் வருகிறது. பெல்ஜியப் பிரௌனிங் என்று எழுதினால், அது எப்படி இங்கே வந்தது என்ற கேள்வி உடனே எழும். அக்கேள்வியைக் கேட்கும் மாணவர் 1878ஆம் ஆண்டுச் சட்டத்தையும் பெண்ணையாற்றுக்கு அப்பாலிருந்த எல்லைக்கோட்டையும் தேடிச் செல்வார்.