வேலூர் வாணியின் வெளிவராத முதல் பாட்டு

வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு... இந்தப் பட்டியலில் இன்னொன்றையும் தாராளமாகச் சேர்க்கலாம். படம் இல்லாத பாட்டு!

அந்தப் பாட்டைப் பாடியவர் வாணி ஜெயராம். 1945 நவம்பர் 30 அன்று வேலூரில் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் கலைவாணி. 1973-ல் எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசையில் 'தாயும் சேயும்' என்ற படத்துக்காக ஒரு பாட்டுப் பாடினார். தமிழ் சினிமாவுக்காக அவர் பாடிய முதல் பாட்டு அதுதான். ஆனால் படம் வெளிவரவில்லை. பாட்டும் பெட்டிக்குள்ளேயே தங்கிவிட்டது.

பாட்டு நன்றாக இல்லை என்பதால் தங்கிவிட்டதா? பாடகிக்குத் திறமை போதவில்லையா? இரண்டுமே இல்லை என்பதற்கு அடுத்து நடந்தவையே சாட்சி.

பாங்க் வேலையிலிருந்து மைக் வரை

வாணி சின்ன வயதிலேயே கர்நாடக சங்கீதம் கற்றவர். சென்னை ராணி மேரிக் கல்லூரியில் படித்தார். பிறகு ஸ்டேட் பாங்கில் வேலை. (காமர்ஸ் மாணவர்கள் இந்த இடத்தில் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ளலாம்!) திருமணத்துக்குப் பின் மும்பை. அங்கே பாட்டியாலா கரானாவைச் சேர்ந்த உஸ்தாத் அப்துல் ரஹ்மான் கானிடம் இந்துஸ்தானி இசை கற்றார். பயிற்சி கடுமையாக இருந்ததால் பாங்க் வேலையை விட்டார்.

1971-ல் இந்தியில் 'குட்டி' படம் வந்தது. வசந்த் தேசாய் இசையில் அவர் பாடிய பாடல்கள் நாடு முழுவதும் ஒலித்தன. ஆக 1973-ல் சுப்பையா நாயுடுவின் மைக் முன்னால் நின்றவர் ஒன்றும் புதுமுகம் இல்லை. இசையமைத்தவரும் சாதாரண ஆள் இல்லை. 'மலைக்கள்ளன்', 'நாடோடி மன்னன்', 'கொஞ்சும் சலங்கை' எல்லாம் அவர் கொடுத்தவை.

அதே 1973-ல் 'வீட்டுக்கு வந்த மருமகள்' படத்தில் சங்கர் கணேஷ் இசையில் டி.எம்.சௌந்தரராஜனுடன் ஒரு டூயட் பாடினார். அது வெளிவந்தது. 1974-ல் 'தீர்க்க சுமங்கலி' படத்தின் மல்லிகைப் பாட்டு. இசை எம்.எஸ்.விஸ்வநாதன். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் வாணி ஜெயராம் யார் என்று யாரும் கேட்கவில்லை. 'அபூர்வ ராகங்கள்', 'சங்கராபரணம்', 'சுவாதி கிரணம்' என்று மூன்று படங்களுக்குத் தேசிய விருது வாங்கினார்.

பாட்டு ஏன் பெட்டியில் தூங்குகிறது?

இதைப் புரிந்துகொள்ள சினிமாவின் கணக்கைப் பார்க்க வேண்டும்.

தமிழ் சினிமாவில் ஒரு வழக்கம் இருந்தது. பாடல் பதிவோடு பூஜை போட்டுப் படத்தை ஆரம்பிப்பார்கள். அதாவது கதை முழுதாகத் தயாராகும் முன்பே, நடிகர்கள் கால்ஷீட் கொடுக்கும் முன்பே, பாட்டு தயாராகிவிடும். காரணம் பக்தி மட்டும் இல்லை. பைனான்சியரிடமும் விநியோகஸ்தரிடமும் கையில் எதையாவது வைத்துக்கொண்டு பேச வேண்டுமே! நல்ல இசையமைப்பாளரின் ஒரு பாட்டு கையில் இருந்தால் பேச்சு சுலபமாகும்.

பணம் வந்தால் படம் வளரும். வராவிட்டால் நின்றுபோகும். அப்போது பாட்டின் கதி? ஸ்டூடியோ வாடகை, வாத்தியக்காரர்கள் சம்பளம், பாடகர் சம்பளம் எல்லாம் கொடுத்தவர் தயாரிப்பாளர். எனவே டேப் அவருடையது. பாடியவர் சம்பளம் வாங்கிக்கொண்டு அடுத்த ரிக்கார்டிங்குக்குப் போய்விடுவார். பாட்டு நின்றுபோன படத்தின் கணக்கில் ஒரு வரவில்லாத செலவாக உட்கார்ந்துவிடும்.

படம் நின்றும் பாட்டு தப்பித்த கதைகளும் உண்டு. 'மணிப்பூர் மாமியார்' படம் தியேட்டருக்கு வரவில்லை. ஆனால் அதற்காக இளையராஜா போட்ட பாடல்கள் வெளியே வந்து ரசிகர்களிடம் நிலைத்துவிட்டன. படத்தைவிட்டுப் பாட்டைத் தனியாக வெளியிட்டால் போதும், அது பிழைத்துக்கொள்ளும் என்பதற்கு இது உதாரணம்.

ஆம்பூர் கணக்கில் சொன்னால்...

வாணி அந்தப் பாட்டைப் பாடிய அதே 1973-ல் அவர் பிறந்த வட்டாரத்தில் வேறொரு மாற்றம் நடந்தது. அதுவரை ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை டேனரிகள் பெரும்பாலும் பாதி பதப்படுத்திய தோலைத்தான் வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. சீதாராமையா கமிட்டியின் பரிந்துரையை ஒட்டி மத்திய அரசு அந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வைத்தது. முழுதாக முடித்த தோலாக, செருப்பாக, ஷூவாக விற்றால்தான் லாபம் நம் ஊரில் தங்கும் என்பது கணக்கு. இன்று ஆம்பூரில் இத்தனை ஷூ கம்பெனிகள் இருப்பதற்கு அந்த முடிவும் ஒரு காரணம்.

ஷூ கம்பெனியில் முதலில் சாம்பிள் செய்வார்கள். வெளிநாட்டு பையர் பார்த்து ஓகே சொன்னால் ஆர்டர். இல்லாவிட்டால் அந்த ஜோடி அலமாரியில் கிடக்கும். இசையில் டெமோ என்பதும் சாம்பிள்தான். ஒரு வித்தியாசம் உண்டு. வேண்டாம் என்று ஒதுக்கிய ஷூவை வேறு யாராவது காலில் மாட்டிக்கொள்ளலாம். பெட்டியில் கிடக்கும் டேப்பை யாரும் எதுவும் செய்ய முடியாது. ஈரத்திலும் சூட்டிலும் கெட்டுப்போவதுதான் அதற்கு நடக்கும்.

நம் ஊர் டெமோ

மேல்நாட்டில் டெமோ என்றால் வீட்டில் உட்கார்ந்து கிடாரோடு பாடிய கேசட். நம் ஊரில் டெமோ வேறு மாதிரி. ஆர்மோனியம், தத்தகாரம், டம்மி வரிகள். இளையராஜா பஞ்சு அருணாசலத்துக்கு மேஜையில் தாளம் போட்டுத்தான் மெட்டுகளைப் பாடிக் காட்டினார். அதிலிருந்து வந்ததுதான் 1976-ன் 'அன்னக்கிளி'. அந்த டெமோவுக்கு டேப்பே கிடையாது! அதன் முதல் பாடல் பதிவில் கரண்ட் போன கதையை இளையராஜாவே பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதால்தான் அது நமக்குத் தெரியும்.

இன்னொரு வகை டிராக். பெரிய பாடகர் வருவதற்கு முன் வேறொருவர் முழுப் பாட்டையும் பாடி வைப்பார். பிறகு அந்தக் குரலை எடுத்துவிட்டுப் பெரிய பாடகரின் குரலைச் சேர்ப்பார்கள். யேசுதாசுக்கு டிராக் பாடி வந்தவர் உன்னி மேனன். 'ரோஜா' (1992) மூலம் அவர் குரலே தமிழ்நாட்டில் தெரிந்தது. ஆனால் அவர்களைப் போல மேலே வராத டிராக் பாடகர்கள் எத்தனை பேர்! அவர்கள் குரல் எந்த ரிக்கார்டிலும் இல்லை.

கதை சொன்னால்தான் உண்டு

சுப்பையா நாயுடு விஷயத்திலேயே ஒரு கதை இருக்கிறது. அவரிடம் உதவியாளராக இருந்த சிறுவன் போட்ட சில மெட்டுகள் நாயுடுவின் பெயரிலேயே வெளிவந்தன. ஜூபிடர் நிறுவனம் கோவையிலிருந்து சென்னைக்கு மாறியபோது அவை இந்தப் பையன் போட்டவை என்று நாயுடுவே சொல்லி, அவனை அழைத்துப் போகச் சொன்னார். அந்தப் பையன்தான் எம்.எஸ்.விஸ்வநாதன். அவரே நன்றியோடு பலமுறை சொன்ன கதை இது. குருவின் பாட்டு பெட்டிக்குள் போனது. அடுத்த ஆண்டே சிஷ்யரின் மல்லிகைப் பாட்டு அதே பாடகியை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது.

டேப்பும் கதையும் சேர்ந்து கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு பீட்டில்ஸ் உதாரணம். ஜான் லெனன் 1970-களின் இறுதியில் வீட்டில் பியானோவோடு பாடி வைத்த கேசட்களை, அவர் இறந்த பிறகு 1994-ல் யோகோ ஓனோ பால் மெக்கார்ட்னியிடம் கொடுத்தார். அதில் இரண்டு பாட்டுகள் 1995, 1996-ல் வெளிவந்தன. மூன்றாவதில் பியானோ சத்தம் குரலை அமுக்கியது. கம்ப்யூட்டர் மூலம் குரலைத் தனியே பிரிக்கும் வசதி வந்த பிறகு, 2023 நவம்பரில் அதுவும் வெளிவந்தது. ஒரு குடும்பம் கேசட்டைப் பத்திரமாக வைத்திருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

நம்மிடமும் காத்திருக்கும் டேப் உண்டு. 1993-ல் லண்டனில் ராயல் பில்ஹார்மானிக் இசைக்குழு வாசித்த இளையராஜாவின் சிம்பொனி ஆல்பமாக வரவில்லை. 2025 மார்ச் 8-ல் அவர் லண்டனில் அரங்கேற்றியது 'வேலியன்ட்' என்ற வேறொரு புதிய சிம்பொனி.

சட்டம் என்ன சொல்கிறது?

1957-ன் காப்புரிமைச் சட்டப்படி ஓர் ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். கவனியுங்கள், வெளியான ஆண்டிலிருந்து! பதிவான ஆண்டிலிருந்து அல்ல. 1973-ல் வெளியான பாட்டுக்கு 2033-ல் உரிமை முடியும். பிறகு யார் வேண்டுமானாலும் அந்த ஒலிப்பதிவைப் பயன்படுத்தலாம். ஆனால் 1973-ல் பதிவாகி வெளிவராத பாட்டுக்கு அந்தக் கடிகாரம் ஓடவே ஆரம்பிக்காது. வெளியிட்டால் காசு வருமா என்று தெரியாத வாரிசு சும்மா இருப்பார். வெளியிட ஆசைப்படுபவருக்கு யாரிடம் கேட்பது என்று தெரியாது. டேப் மட்டும் கெட்டுக்கொண்டே இருக்கும்.

2012-ல் சட்டத்தைத் திருத்திப் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியை உறுதி செய்தார்கள். நல்லதுதான். ஆனால் ராயல்டி ஒலிக்கும் பாட்டுக்குத்தான். ஒலிக்காத பாட்டுக்கு என்ன வரும்?

கடைசியாக...

2023 ஜனவரியில் வாணி ஜெயராமுக்குப் பத்ம பூஷண் அறிவித்தார்கள். பிப்ரவரி 4 அன்று சென்னையில் அவர் காலமானார். பல மொழிகளில் ஆயிரக்கணக்கான பாடல்கள் பாடியவர். அவருடைய தமிழ்ப் பாடல்களை வரிசையாக எழுதினால் முதல் வரியில் வருவது வெளிவராத அந்தப் பாட்டு. அந்த ரிக்கார்டிங் அன்று என்ன நடந்தது என்று அவரிடம் இனி கேட்க முடியாது. சுப்பையா நாயுடுவும் இல்லை.

ஆனால் டிராக் பாடியவர்கள், அந்தக் காலத்து வாத்தியக்காரர்கள், நின்றுபோன படங்களுக்கு இசை போட்டவர்கள் பலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பரணில் ஸ்பூல் டேப்பும் கேசட்டும் இருக்கலாம். அவற்றை இப்போதே கம்ப்யூட்டரில் ஏற்றி, அவர்கள் சொல்லும் கதையையும் கூடவே பதிவு செய்து வைத்தால்தான் உண்டு. உரிமை யாருக்கு என்ற வழக்கைப் பிறகு பேசிக்கொள்ளலாம். கெட்டுப்போன டேப்புக்கு வழக்குப் போட்டு என்ன பயன்?

முதலில் சொன்ன கிண்டலில் ஒன்று இன்று உண்மை இல்லை. வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயிலில் பல தலைமுறைகளாகச் சாமி இல்லாமல் இருந்தது. லிங்கம் சத்துவாச்சாரியில் பத்திரமாக இருந்தது. 1981-ல் ஊர் மக்கள் அதைக் கொண்டுவந்து மீண்டும் பிரதிஷ்டை செய்தார்கள். யாரோ பாதுகாத்து வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. வாணியின் முதல் பாட்டையும் யாராவது அப்படி வைத்திருந்தால், வேலூர் அதை ஒருநாள் கேட்கும்.