நோய் பிடித்த எந்திரத்தின் சாட்சி செல்லாது: வீட்டுக் கணினியில் வைரஸ் நீக்கிய வரலாறு



வழக்கமாகச் சோழர், நாயக்கர், கிழக்கிந்தியக் கம்பெனி என்று எழுதுகிறவர் இன்று கணினிப் பக்கம் வந்துவிட்டாரே என்று நினைக்க வேண்டாம். இதுவும் வரலாறுதான், ஐம்பது வருடத்து வரலாறு. நம்மைப் போல ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வீட்டிலும் இன்று ஒரு கணினியோ மடிக்கணினியோ இருக்கிறது. பேரப்பிள்ளைகளின் படம் பார்க்க, மின்கட்டணம் கட்ட, வெளியூரில் இருக்கும் மகனிடம் முகம் பார்த்துப் பேச. "சார், வைரஸ் வந்துடுச்சு போல, என்ன பண்றது?" என்று கேட்கிறவர்களும் கூடிக்கொண்டே போகிறார்கள். இதற்கு முன் உலகம் இதை எப்படிச் சமாளித்தது என்று தெரிந்துகொண்டால், என்ன செய்வது என்பதும் தானே விளங்கும். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

கதை 1971-இல் அமெரிக்காவில் தொடங்குகிறது. இன்றைய இணையத்துக்கு முன்னோடியான அர்பாநெட் அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்தது. பி.பி.என். என்ற நிறுவனத்தில் வேலை பார்த்த பாப் தாமஸ், ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தானே நகர்ந்து போகும் ஒரு நிரலை எழுதிப் பார்த்தார். பெயர் க்ரீப்பர். போன இடத்தில் "நான்தான் க்ரீப்பர், முடிந்தால் பிடி" என்று எழுதிக் காட்டும். வேறு கெடுதல் செய்யாது. அதைத் தேடிப் பிடித்து அழிக்க ரீப்பர் என்று இன்னொரு நிரலை எழுதினார் அதே நிறுவனத்து ரே டாம்லின்சன். மின்னஞ்சல் முகவரியின் நடுவில் '@' குறியைக் கொண்டுவந்தவரும் இவர்தான். ஆக, நோய் பிறந்த கையோடு மருந்தும் பிறந்துவிட்டது.

வீட்டுக் கணினிக்கு இந்தத் தொல்லை வந்தது 1982-இல். பிட்ஸ்பர்க் நகரத்துப் பக்கம் ரிச் ஸ்க்ரென்டா என்ற பதினைந்து வயதுப் பள்ளி மாணவன், ஆப்பிள் II கணினிக்கு எல்க் க்ளோனர் என்ற நிரலை எழுதி, நண்பர்களுக்குக் கொடுக்கும் ஃபிளாப்பியில் ஏற்றிவிட்டான். ஐம்பதாவது முறை அந்த ஃபிளாப்பியைப் போட்டுக் கணினியைத் தொடங்கும்போது திரையில் ஒரு குறும்புப் பாட்டு வரும். வகுப்புக்கு ஒரு வாலுப் பையனாவது இல்லாத ஆசிரியர் நம்மில் யார்? அமெரிக்காவில் அந்த வாலுக்குக் கையில் கணினி கிடைத்தது, அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டு தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஃப்ரெட் கோஹன் என்ற ஆராய்ச்சி மாணவர் இதைப் பாடமாகவே எடுத்துக்கொண்டு சோதனை செய்தார். 'வைரஸ்' என்று பெயர் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய ஆசிரியர் லெனார்டு ஆடில்மன். எல்லா வைரஸையும் தவறே இல்லாமல் கண்டுபிடிக்கும் ஒரு நிரலை எவராலும் எழுத முடியாது என்று கோஹன் கணித முறையில் நிரூபித்தார். "எங்கள் மென்பொருளைப் போட்டால் நூறு சதவீதம் பாதுகாப்பு" என்று விளம்பரம் வரும்போதெல்லாம் இதை நினைவில் வையுங்கள்.

இனி நம் பதிவின் முக்கியமான இடத்துக்கு வருவோம். ஆண்டு 1986, இடம் பாகிஸ்தானின் லாகூர் நகரம். பாசித் ஃபாரூக் ஆல்வி, அம்ஜத் ஃபாரூக் ஆல்வி என்று இரண்டு சகோதரர்கள் அங்கே ஒரு கணினிக் கடை நடத்தினார்கள். தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைக் காசு கொடுக்காமல் நகல் எடுக்கிறார்கள் என்ற ஆத்திரத்தில், நகல் எங்கெல்லாம் போகிறது என்று அறிய 'பிரெய்ன்' என்ற நிரலை எழுதியதாகப் பின்னாளில் சொன்னார்கள். ஐ.பி.எம். வகைக் கணினிகளைத் தாக்கிய முதல் வைரஸ் என்று வரலாற்றில் இடம் பிடித்தது அது. இதில் வேடிக்கை என்னவென்றால், வைரஸுக்குள்ளேயே தங்கள் பெயர், கடை முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் எழுதி, தடுப்பூசிக்கு எங்களைத் தொடர்பு கொள்ளவும் என்றும் போட்டிருந்தார்கள். ஃபிளாப்பி கைமாறிக் கைமாறி அமெரிக்கா வரை போய், அங்கிருந்தெல்லாம் லாகூருக்கு அழைப்பு வந்தது.

பிரெய்ன் எப்படி ஒளிந்துகொண்டது என்பதைக் கவனியுங்கள். ஃபிளாப்பியைப் போட்டுக் கணினியைத் தொடங்கும்போது எந்திரம் முதலில் படிக்கும் இடத்துக்குப் பூட் செக்டர் என்று பெயர். அங்கே இருந்த அசலைத் தூக்கி வேறு இடத்தில் வைத்துவிட்டு, அந்த இடத்தைப் பழுதான பகுதி என்று குறித்துவிட்டுத் தான் வந்து உட்கார்ந்துகொள்ளும். சந்தேகப்பட்டு அந்தப் பூட் செக்டரைப் படித்துப் பார்த்தால், ஒளித்து வைத்த அசலை எடுத்துக் காட்டும். "பாருங்கள், எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது!" என்பதுபோல. திருடனே காவல்காரன் உடையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, "உள்ளே யாரும் வரவில்லை ஐயா" என்று சொல்வதற்கு இது சமம்.

வைரஸ் நீக்கும் கலையின் முதல் விதி இங்கேதான் பிறந்தது. நோய் பிடித்த எந்திரத்திடமே "உனக்கு நோய் இருக்கிறதா?" என்று கேட்டுப் பயனில்லை. வெளியிலிருந்துதான் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் செய்த முறை இது: கணினியை முழுதாக அணைப்பார்கள். நினைவகத்தில் இருந்த வைரஸ் மின்சாரத்தோடு போய்விடும். சுத்தமானது என்று உறுதியாகத் தெரிந்த டாஸ் ஃபிளாப்பி ஒன்றை எடுப்பார்கள். அதன் ஓரத்து வெட்டில் ஒட்டுத்தாள் ஒட்டியிருக்கும். ஒட்டிவிட்டால் அதில் எதையும் எழுத முடியாது, வைரஸும் ஏற முடியாது. அதிலிருந்து கணினியைத் தொடங்கிப் பழுதான ஃபிளாப்பியைப் பரிசோதித்து, புதிய பூட் செக்டரை எழுதுவார்கள். கோப்புகள் அப்படியே இருக்கும், வைரஸ் செயலற்றுப் போகும்.

அதன்பின் வைத்தியர்கள் பெருகினார்கள். 1987-இல் வியன்னா என்ற வைரஸைச் செயலிழக்கச் செய்தார் ஜெர்மனியின் பெர்ண்ட் ஃபிக்ஸ். 1989-இல் ரஷ்யாவின் யூஜின் காஸ்பர்ஸ்கியின் கணினியில் காஸ்கேட் என்ற வைரஸ் வந்தது. திரையில் இருக்கும் எழுத்துகள் உதிர்ந்து கீழே கொட்டும். அதை நீக்க அவர் எழுதிய சிறு நிரல்தான் பின்னால் ஒரு பெரிய நிறுவனமாக வளர்ந்தது. நம் நாட்டிலும் அப்படி ஒரு கதை உண்டு. புனே நகரில் கால்குலேட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்த கைலாஷ் காட்கர், பழுதுக்கு வரும் கணினிகளில் வைரஸ் இருப்பதைப் பார்த்து, கணினி படித்துக்கொண்டிருந்த தம்பி சஞ்சயை மருந்து எழுதச் சொன்னார். 1990-களில் வந்த குவிக் ஹீல் அதுதான்.

மருந்துக்குச் சந்தை வந்ததும் பயத்துக்கும் சந்தை வந்தது. 1992 மார்ச் 6 அன்று, ஓவியர் மைக்கேலாஞ்சலோவின் பிறந்த நாளில், அவர் பெயரிட்ட வைரஸ் ஐம்பது லட்சம் கணினிகள் வரை அழிக்கப் போகிறது என்று செய்திகள் பறந்தன. ஆன்டிவைரஸ் விற்பனை எகிறியது. அந்த நாளும் வந்தது, போனது. பாதிக்கப்பட்டவை சில ஆயிரங்கள்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

ஆனால் எல்லாமே வெறும் பயமும் அல்ல. 1999 ஏப்ரல் 26 அன்று தைவானிலிருந்து கிளம்பிய சி.ஐ.எச். வைரஸ், கணினி உயிர்பெறத் தேவையான பயாஸ் சில்லையே அழித்தது. 2000 மே மாதம் மணிலாவிலிருந்து 'காதல் கடிதம்' என்று வந்த மின்னஞ்சலைத் திறந்தவர்களின் படங்கள் போயின. 2003 ஆகஸ்டில் வந்த பிளாஸ்டர், எதையும் திறக்காமலே உள்ளே நுழைந்து, கணினி அறுபது வினாடியில் அணைந்துவிடும் என்று காட்டியது. அதை நீக்குவதற்கென்றே வெல்ச்சியா என்று இன்னொரு புழுவை யாரோ அனுப்பினார்கள். அது பிளாஸ்டரை அழித்தது உண்மை. ஆனால் அது பரவிய வேகத்தில் வலையமைப்புகளே திணறின. கேட்காமல் வீட்டுக்குள் வந்து வைத்தியம் பார்க்கிறவரும் தொல்லைதான்.

2005-இல் நடந்தது இன்னும் விசித்திரம். சோனி பி.எம்.ஜி. நிறுவனத்தின் பாட்டுக் குறுந்தகடுகளைக் கணினியில் போட்டால், நகல் எடுப்பதைத் தடுக்கும் ஒரு நிரல் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே இறங்கி, கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொண்டது. மார்க் ரஸ்ஸினோவிச் என்ற வல்லுநர் அதைக் கண்டுபிடித்து வெளியிட்டார். அது ஒளியும் இடத்திலேயே வைரஸ்களும் வந்து ஒளியத் தொடங்கின. நீக்குவதற்கு அந்த நிறுவனம் முதலில் கொடுத்த நிரலோ கணினியில் இன்னொரு ஓட்டையைத் திறந்தது. லாகூர்ச் சகோதரர்களை நினைத்துப் பாருங்கள். நகல் எடுக்கிறார்கள் என்ற அதே கோபம், ஒளிந்துகொள்ளும் அதே தந்திரம். நடுவில் ஓடியது பத்தொன்பது வருடம்.

2008 நவம்பரில் வந்த கான்ஃபிக்கர் நம் விதிக்கு இன்னொரு சான்று. அது புகுந்த கணினியில் ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளமும் மைக்ரோசாஃப்டின் தளமும் திறக்காது. நோயாளியை மருத்துவமனை வாசலுக்கே போகவிடாத நோய். வல்லுநர்கள் எளிய வழி ஒன்று கண்டார்கள். அந்தத் தளங்களின் சின்னங்களையும் வேறு சில தளங்களின் சின்னங்களையும் ஒரே பக்கத்தில் வைத்தார்கள். கண் மருத்துவர் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டை மாதிரி. முதல் வகைச் சின்னங்கள் மட்டும் தெரியாவிட்டால் நோய் இருக்கிறது என்று பொருள். பிறகு வேறொரு நல்ல கணினியில் மருந்தை இறக்கிக் கொண்டுவந்து போட வேண்டும்.

கான்ஃபிக்கர் பரவிய வழிகளில் ஒன்று பென்டிரைவ். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்கக் கொடுத்து வாங்கினால், கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்த காலம் நினைவிருக்கும். கோப்புகள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருந்தன. விவரம் தெரிந்த பிள்ளைகள் ஒரு வரிக் கட்டளை கொடுத்து மீட்டுத் தருவார்கள். செருகியவுடன் தானே ஓடும் வசதியை 2011 பிப்ரவரியில் பழைய விண்டோஸ்களுக்கும் மைக்ரோசாஃப்ட் நிறுத்திய பிறகே இந்தத் தொல்லை குறைந்தது.

இப்போது நம் வயதுக்காரர்கள் அதிகம் ஏமாறுவது வைரஸிடம் அல்ல, போலி வைத்தியர்களிடம். திடீரென்று திரை முழுக்கச் சிவப்பாகி, "உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்று சத்தம் போடும். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அப்படி அழைத்தார். எதிர்முனையில் மரியாதையான பேச்சு. அவர்கள் சொன்ன செயலியை இறக்கி, கணினியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டார். வைத்தியம் முடிவதற்குள் இரண்டு மாத ஓய்வூதியம் கணக்கிலிருந்து போய்விட்டது. அந்தக் கணினியில் வைரஸே கிடையாது. திரையில் வந்தது வெறும் இணையப் பக்கம். மூடியிருந்தால் போயிருக்கும்.

கடைசியாக 2017 மே 12. வான்னாக்ரை கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகளே முடங்கின. மார்க்கஸ் ஹட்சின்ஸ் என்ற இளைஞர், அந்த வைரஸ் தேடிய ஓர் இணைய முகவரியைப் பதிவு செய்ததும் பரவல் அடங்கியது. ஆனால் ஏற்கெனவே பூட்டப்பட்ட கோப்புகள் அதனால் திறக்கவில்லை. வைரஸை நீக்குவது வேறு, இழந்ததை மீட்பது வேறு.

இந்த ஐம்பது வருடப் பாடத்தை வீட்டுக்குப் பயன்படும்படி சுருக்கித் தருகிறேன்.

1. சந்தேகம் வந்தால் முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். அந்தக் கணினியில் வங்கி வேலை எதுவும் வேண்டாம்.

2. விண்டோஸ் 10, 11-இல் 'டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்' என்று ஒரு வசதி இருக்கிறது. விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் பகுதியில் பாருங்கள். கணினி தானே அணைந்து, விண்டோஸ் தொடங்கும் முன்பே வெளியிலிருந்து பரிசோதிக்கும். அன்றைய ஒட்டுத்தாள் ஃபிளாப்பியின் பேரன் இது.

3. கடவுச்சொற்களை வேறொரு நல்ல கணினியிலோ கைபேசியிலோ மாற்றுங்கள். நோய் உள்ள கணினியில் மாற்றினால் புதிய சொல்லும் திருடனுக்குத்தான் போகும்.

4. அப்படியும் சரியாகாவிட்டால், படங்களையும் ஆவணங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவச் சொல்லுங்கள். பழைய நிரல்களை எடுத்து வைக்க வேண்டாம்.

5. முக்கியமான கோப்புகளுக்கு ஒரு நகலைத் தனி ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள். நகல் எடுத்ததும் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். செருகியே இருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

6. திரையில் வரும் எந்த எண்ணையும் அழைக்காதீர்கள். பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம்.

லாகூர்ச் சகோதரர்களைத் தேடி 2011-இல் ஃபின்லாந்திலிருந்து மிக்கோ ஹிப்போனன் என்ற வல்லுநர் போனார். வைரஸில் எழுதியிருந்த அதே முகவரியில் அவர்கள் இன்னும் இருந்தார்கள், இணைய இணைப்பு தரும் நிறுவனம் நடத்திக்கொண்டு. பெயரும் முகவரியும் எழுதி வைரஸ் விட்ட காலம் அது. இன்று வருகிறவர்கள் முகவரி தருவதில்லை. தரும் தொலைபேசி எண்ணும் நம்மைக் காப்பாற்ற அல்ல.

பயனுள்ளது என்று நினைத்தால் வீட்டில் கணினி வைத்திருக்கும் மூத்தவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். அடுத்த வாரம் மீண்டும் நாயக்கர் காலத்துக்குப் போவோம்.